பங்காளிகளும் தாயபிள்ளைகளும் (பெண் வழி உறவுகளும்) விட்டுப்போகாமல் இருக்க என்ன ஏற்பாடு செய்யலாம்?

கேள்வி: இரண்டாங்கட்டு

எல்லாருக்கும் வணக்கம். செட்டிநாட்டு நகரத்தாரில் 26 புள்ளி (கல்யாணமான ஒரு குடும்பம் ஒரு புள்ளி) உள்ள ஒரு பங்காளி வகைக்காக, அதாவது ஒரே தந்தை வழியில் வந்தவர்களுக்காகக் கேட்கிறேன். ஊரில் பொது வீடு ஒன்று, மறைந்த முன்னோருக்கு வருஷத்துக்கு ஒரு படைப்பு. பாதிப் பேர் சென்னை, கோயமுத்தூர். மீதி சிங்கப்பூர், லண்டன், அமெரிக்கா. இப்போதைக்கு 75 வயது தாண்டிய ஐந்தாறு பெரியவர்கள்தான் போன் போட்டுப் போட்டு எல்லாரையும் கூட்டுகிறார்கள். 25 முதல் 40 வயதுக்குள் இருக்கிறவர்களுக்கு யார் எந்த வழியில் என்ன முறை என்பதே தெரியவில்லை. வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது, காலை வணக்கம் படங்களால் நிறைந்து கிடக்கிறது.

பெரியவர்களிடம் எதை முதலில் கேட்டு எழுதுவது? இளசுகள் ஊருக்கு வரும்படி கூடுதலை எப்படி அமைப்பது? கட்டிக்கொடுத்த பெண்மக்கள் வீடுகளை எப்படிச் சேர்த்துக்கொள்வது? பாசம் இருந்தால் தானாக நடக்கும் என்ற பதில் வேண்டாம். கையில் எடுத்துச் செய்கிற மாதிரி சொல்லுங்கள்.

பதில்: ஏட்டுக்கட்டு

பெரியவர்களிடம் உட்கார்ந்து எழுதுவதை இந்த மாதமே ஆரம்பியுங்கள். மற்ற எதையும் அடுத்த வருஷம்கூடச் செய்துகொள்ளலாம், இதைத் தள்ளிப்போட முடியாது.

பெயரிலிருந்து தொடங்கினால் குழம்பிவிடும். ஐயா (தாத்தா) பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கத்தால், அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் மூத்த மகன் பெயர் ஒன்றாகவே இருக்கும். ஒரு வளவில், அதாவது நடுமுற்றம் வைத்த ஒரே பொது வீட்டில், நாலு மெய்யப்பன், மூணு வள்ளியம்மை. அதனால் விலாசத்தில், அதாவது பெயருக்கு முன்னால் வீட்டு அடையாளமாக வரும் எழுத்துகளில் தொடங்குங்கள். ஒரு புள்ளிக்கு ஒரு வரி. அந்த வரியில் விலாசம், முழுப்பெயர், வீட்டில் கூப்பிடுகிற பெயர், யாருடைய எத்தனையாவது மகன், பெண் எடுத்த வீட்டின் ஊர், கோயில் (அந்த வீடு எந்த நகரக் கோயில் பிரிவு), விலாசம், பெண் கொடுத்த வீட்டின் ஊர், கோயில், விலாசம், இப்போது இருக்கும் ஊர், போன். கூப்பிடுகிற பெயரை விட்டுவிடாதீர்கள். "சின்னக்கருப்பன்" என்று 60 வருஷமாக அழைக்கப்பட்டவரைப் பதிவுப் பெயரில் தேடினால் ஒருத்தருக்கும் தெரியாது.

இரண்டு இடத்தில் எல்லாரும் சறுக்குவார்கள். ஒன்று, வீட்டுக்கு மருமகளாக வந்த ஆச்சிமார்களை "இன்னார் பெண்டிர்" என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவது. அந்த ஆச்சி பிறந்த வீடு தெரியாவிட்டால் அம்மான் வழி முழுக்க அறுந்துபோகும். இரண்டாவது, பிள்ளை கூட்டியது (சுவீகாரம்). சுவீகாரம் போனவர் வேறு கோயிலுக்கும் போயிருக்கலாம், விலாசமும் மாறியிருக்கும். பிறந்த வீடு, கூட்டிக்கொண்ட வீடு இரண்டையும் எழுதி, கூட்டிய வருஷத்தையும் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் வரன் பார்க்கும்போது பங்காளி முறையா, கட்டுகிற முறையா என்ற சந்தேகம் வரும். இரணியூர், பிள்ளையார்பட்டி இரண்டும் கோயில் வேறாக இருந்தும் அண்ணன் தம்பி முறை, கொள்வினை கொடுப்பினை கிடையாது என்பது போன்ற விஷயங்களையும் இளசுகள் படிக்கிற இடத்தில் எழுதிவையுங்கள்.

தாள்களில் முதலில் தேடவேண்டியது இசைகுடிமானமும் (இரு வீட்டாரும் எழுதிக்கொள்ளும் கல்யாண ஒப்பந்தம்) மொய்ப்பண ஏடும். இசைகுடிமானத்தில் இரு வீட்டு விலாசமும் ஊரும் தேதியும் இருக்கும். மொய்ப்பண ஏடு அதைவிடப் பெரிய புதையல். தொகை சின்னதாக இருக்கும், அதைப் பார்க்காதீர்கள். ஊரும் விலாசமும் வரி வரியாக இருக்கும், அதுதான் அந்தக் காலத்து உறவுப்பட்டியல். தாத்தா கல்யாண ஏட்டையும் அப்பா கல்யாண ஏட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் ஏட்டில் இருந்து இரண்டாவதில் இல்லாமல் போன விலாசங்களைத் தனியாகக் குறித்து, பெரியவர்களிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எங்கே உறவு விட்டுப்போனது என்பது அங்கேயே தெரிந்துவிடும். நகரக் கோயிலில் கல்யாணத்துக்கு மாலை வாங்கும்போது புள்ளி சேர்த்திருப்பார்கள், ஏட்டில் இல்லாததை அங்கே கேட்டுச் சரிபார்க்கலாம்.

பழைய தாளில் தமிழ் வருஷம் மட்டும் இருந்தால் அவசரப்பட்டு ஆங்கில வருஷம் போடாதீர்கள். 60 வருஷத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பும். விசுவாவசு என்றால் 1905, 1965, 2025 மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். அதுவும் சித்திரையில் பிறப்பதால், 1965-ல் பிறந்த விசுவாவசுவின் தை மாதம் 1966 ஜனவரியில் வரும். யார் யார் அப்போது உயிரோடு இருந்தார்கள் என்று பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

பேட்டி எடுக்கும்போது இரண்டு பெரியவர்களைச் சேர்த்து உட்காரவையுங்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் திருத்துவார், விட்டதை எடுத்துக்கொடுப்பார். முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அசந்துபோவார்கள். போனில் பதிவு செய்து, தொடக்கத்திலேயே தேதியையும் பேசுகிறவர் பெயரையும் குரலில் சொல்லிவிடுங்கள். "பழைய கதை சொல்லுங்க" என்றால் வராது. பழைய கல்யாணப் படம் ஒன்றைக் கையில் கொடுத்து, இடப்பக்கம் நிற்பது யார் என்று கேளுங்கள், தானாக வரும்.

படத்தின் பின்பக்கம் எழுதுவதானால் மென்மையான பென்சில் மட்டும். பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். செலோடேப், லேமினேஷன் இரண்டும் கூடவே கூடாது. சின்னப் படங்களை 600 டிபிஐயிலும் தாள்களை 300-லும் ஸ்கேன் செய்தால் போதும். தடித்த ஏட்டை ஸ்கேனரில் கவிழ்த்து அமுக்கினால் தையல் விட்டுவிடும். வளவில் வெயில் நேராக விழாத இடத்தில் விரித்துவைத்து மேலிருந்து போனில் எடுங்கள், அட்டையையும் ஒரு படம். கடைசியில் எந்தச் செயலியில் வம்சாவளி போட்டாலும் ஜெட்காம் (எல்லா வம்சாவளிச் செயலிக்கும் பொதுவான வடிவம்) கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்று முதலிலேயே பாருங்கள். செயலி நின்றுபோனாலும் விவரம் நம் கையில் இருக்கும்.

பதில்: பேழை

மேலே அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனால் எழுதி முடித்துவிட்டுக் கூட்டலாம் என்று காத்திருக்கவேண்டாம். கூடினால்தான் எழுதுவதற்கே ஆள் கிடைக்கும்.

முதல் வேலை தேதி. வருஷா வருஷம் "எல்லாருக்கும் தோதான நாள்" தேடுகிற வகைகளில் கூட்டம் குறைந்துகொண்டே வரும், ஏனென்றால் எல்லாருக்கும் தோதான நாள் என்று ஒன்று கிடையாது. வழக்கமான மாதத்தையும் கிழமையையும் நிலையாக வைத்து, இந்த வருஷப் படைப்பு முடிகிற அன்றே அடுத்த வருஷத் தேதியை வாசித்துவிடுங்கள். ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 120 நாளுக்குப் பதில் 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. 75-ஆம் நாளில் ஒரு நினைவூட்டல், 61-ஆம் நாள் ராத்திரி இன்னொன்று. சென்னை–காரைக்குடி பல்லவன் ரயிலில் சேர்ந்து சீட்டு எடுத்தால் ஒரே பெட்டியில் 20 பேர் வரலாம், படைப்பு அங்கேயே ஆரம்பமாகிவிடும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குத் திருச்சி, மதுரை இரண்டு விமான நிலையமும் காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். சிங்கப்பூர், கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேராக விமானம் இருப்பதால் அங்கே இறங்குகிறவர்களைச் சேர்த்து ஒரே வண்டி ஏற்பாடு செய்யுங்கள்.

இளசுகள் வராததற்குக் காரணம் என்று பலதும் சொல்வார்கள். நேரில் விசாரித்துப் பாருங்கள், பாதிக்கு மேல் கழிப்பறை. சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு வீட்டின் பின்பகுதியான மூன்றாங்கட்டுக்கு இருட்டில் போக மருமக்கள் பயப்படுவார்கள், முழங்கால் வலிக்கிற ஆச்சிமார்களுக்குக் குந்த முடியாது. இரண்டாங்கட்டில் ஒரு வெஸ்டர்ன் டாய்லெட், கைப்பிடி, கீசர், வழியில் விடிய விடிய எரிகிற ஒரு விளக்கு. இன்வெர்ட்டர், கொசுவலை. இந்தச் செலவைப் படைப்புச் செலவோடு சேர்த்து முதல் வருஷமே செய்துவிடுங்கள். வருகிற ஆள் எண்ணிக்கையில் இதைப்போல வித்தியாசம் காட்டுகிற செலவு வேறு இல்லை.

அடுத்தது வேலை. வந்தவர்களை விருந்தாளியாக உட்காரவைத்தால் சாப்பிட்டுவிட்டுப் போனைப் பார்ப்பார்கள். 12 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருத்தருக்கும் பெயர் சொல்லி ஒரு வேலை கொடுங்கள். பந்தியில் ஒரு வரிசைக்கு ஒரு பிள்ளை, அந்த வரிசைக்குத் தண்ணீரும் உப்பும் அவன் பொறுப்பு. "பெரியப்பச்சிக்குத் தண்ணி வை", "அயித்தைக்கு இன்னும் கொஞ்சம் சோறு கேளு" என்று பக்கத்தில் ஒரு ஆச்சி நின்று சொல்லச் சொல்ல, நாலு பந்தி முடிவதற்குள் முறை வாயில் வந்துவிடும். எந்த வகுப்பு எடுத்தாலும் இப்படி ஏறாது.

முன்னோருக்குப் படைக்கிற துணிகள் இருக்கும் பேழையைத் திறக்கும்போது கல்யாணமான இளைய தம்பதி ஒரு ஜோடி கட்டாயம் பக்கத்தில் இருக்கட்டும். எந்தச் சேலை எந்த ஆயாவுக்கு (பாட்டிக்கு), எந்த வேட்டி எந்த ஐயாவுக்கு, என்ன நிறம், எத்தனை முழம், எதை முதலில் வைப்பது, சமையலில் எது சேர்க்கிறது, எது விலக்கு என்று அவர்கள் கையால் எழுதவேண்டும். இது வகைக்கு வகை மாறும், அடுத்த வீட்டைப் பார்த்து நிரப்பிக்கொள்ள முடியாது. அந்த நோட்டு பேழைக்குள்ளேயே இருக்கட்டும், படம் எடுத்து இரண்டு பேர் போனிலும் இருக்கட்டும்.

செலவு புள்ளிக்குச் சமமாக. வசதியானவர் ஒருவரே முழுச் செலவையும் ஏற்றுக்கொள்கிறேன் என்றால் கும்பிட்டு மறுத்துவிடுங்கள். நல்ல மனசில்தான் சொல்வார், ஆனால் மூன்றாவது வருஷத்தில் அது அவர் வீட்டு விசேஷமாகிவிடும், மற்றவர்கள் அழைப்பை எதிர்பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். கூடுதலாகக் கொடுக்க ஆசைப்பட்டால் படைத்த பொருளை ஏலத்தில் எடுக்கட்டும், இல்லை வீட்டு வேலைக்குக் கொடுக்கட்டும்.

பதில்: நேரக்கணக்கு

வாட்ஸ்அப் பற்றி மட்டும். இரண்டு குரூப் வையுங்கள். ஒன்று "தகவல்", அட்மின் மட்டும் எழுதலாம் என்று செட்டிங்கில் பூட்டிவிடுங்கள். பிறப்பு, கல்யாணம், கேதம் (துக்கம்), படைப்புத் தேதி, புள்ளிக்கு வசூலிக்கும் வரி இவ்வளவுதான் அதில் வரவேண்டும். காலை வணக்கம் எல்லாம் இன்னொன்றில். ஒரே குரூப் இருந்தால் கேதச் செய்தி பூப்படங்களுக்கு நடுவே புதைந்துபோகும், "எனக்குச் சொல்லவே இல்லை" என்ற மனத்தாங்கல் பத்து வருஷம் ஓடும். அட்மின் மூன்று பேர், அதில் ஒருவராவது வெளிநாட்டில் இருப்பவர்.

மாதம் ஒரு வீடியோ அழைப்பு போதும். நம் ஊர் ஞாயிறு இரவு 7 மணி வைத்தால் சிங்கப்பூரில் 9.30, லண்டனில் பகல் 1.30, கோடையில் 2.30, நியூயார்க்கில் காலை 8.30, கோடையில் 9.30. கலிபோர்னியாவில் விடியற்காலை 5.30 அல்லது 6.30 ஆகிவிடும், அவர்களுக்காக மூன்று மாதத்துக்கு ஒரு முறை காலை 9 மணிக்கு மாற்றுங்கள், அங்கே அது சனிக்கிழமை இரவு. 40 பேர் ஒரே நேரத்தில் பேசினால் யாரும் பேசியதாக இருக்காது. தடவைக்கு இரண்டு புள்ளி பேசட்டும், மற்றவர்கள் கேட்கட்டும்.

பதில்: கோட்டையூர் ஆச்சி

படைப்பு பங்காளிகளுக்கு உரியது. அது தானாக ஒரு கட்டுக்கோப்பு கொடுத்துவிடும். பெண்மக்களுக்கு அப்படி ஒரு நாள் இல்லாததால்தான் அந்தப் பக்கம் முதலில் விட்டுப்போகிறது. ஆயா இருக்கிறவரை பேரன் பேத்தி வருவார்கள், ஆயா போனதும் அம்மான் வீடு என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். ஆகவே, அவர்களுக்கென்று ஒரு நாளை நீங்கள்தான் ஒதுக்கவேண்டும்.

எனக்குத் தெரிந்து அதற்கு ஏற்ற நாள் பிள்ளையார் நோன்பு. பெரிய கார்த்திகையிலிருந்து (திருக்கார்த்திகை) 21 நாள் எண்ணி, மார்கழியில் சஷ்டியும் சதயமும் கூடுகிற நாளில் வரும். வெளிநாட்டில் பள்ளி விடுமுறையை ஒட்டியே பெரும்பாலும் விழும். பெரிய பொருட்செலவு கிடையாது. புது வேட்டியிலிருந்து நாளுக்கு ஒரு நூலாக எடுத்த 21 இழை, பச்சரிசி மாவு, வெல்லம், நெய், ஆவாரம்பூ, பொரி வகைகள், கருப்பட்டிப் பணியாரம். வீட்டுக்கு மூத்தவர் கையால் ஒவ்வொருவருக்கும் இழை கொடுப்பதால் ஒரு ஆள்கூட விடுபட முடியாது. வயிற்றில் பிள்ளை இருந்தால் அதற்கும் சேர்த்து இன்னொரு இழை. இந்த ஒரு வழக்கமே போதும், கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு நம் வீட்டில் கணக்கு இருக்கிறது என்று காட்ட. வரமுடியாதவர்களுக்கு மட்டும் 21 இழையையும் முன்கூட்டியே எடுத்துத் திரித்து, பொரியோடு பொட்டலமாக நோன்புக்கு மூன்று வாரம் முன்னாலேயே அனுப்பிவிடுங்கள். மாவு உருண்டையில் இழைத்திரியை ஏற்றிச் சுடரோடு வாயில் போடுவது என்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு மாவு உருண்டையைச் சின்னதாகப் பிடித்து, திரியையும் கட்டையாக விடச் சொல்லுங்கள்.

அடுத்தது கொஞ்சம் கசப்பான விஷயம். பெண்மக்கள் வீட்டார் ஒதுங்குவதற்கும், நாம் அவர்களைக் கூப்பிடத் தயங்குவதற்கும் பல வீடுகளில் சீர்தான் காரணம். வந்தால் என்ன வைத்துக் கொடுப்பது, போனால் என்ன கொண்டுபோவது, போன தடவை அவள் இவ்வளவு செய்தாளே, நாம் குறைத்தால் என்ன பேசுவார்கள். இந்தக் கணக்கிலேயே இரண்டு வருஷம் போக்குவரத்து நின்றுவிடும். பெரியவர்கள் உட்கார்ந்து ஒரு முறைச்சிட்டை போடட்டும். பிள்ளை பிறந்தால் இவ்வளவு, பிள்ளைகளுக்குச் செய்கிற புதுமைக்கு இவ்வளவு, அறுபதாம் கல்யாணம் போன்ற சாந்திக்கு இவ்வளவு, எல்லாப் புள்ளிக்கும் ஒரே தொகை, அதற்கு மேல் வாங்கமாட்டோம் என்று எழுதி வாசித்துவிடுங்கள். வசதி குறைந்தவர் தயங்காமல் செய்யக்கூடிய தொகையாக அது இருக்கவேண்டும். வசதியானவரை வைத்துத் தொகை வைத்தால் சிட்டை போட்டும் பிரயோசனம் இல்லை.

கேதத்துக்குப் போவதை எதற்காகவும் விடாதீர்கள். கல்யாணத்துக்கு வராதவரை மன்னித்துவிடுவார்கள், கேதத்துக்கு எட்டிப்பார்க்காதவரை மறக்கமாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஊரில் இறங்கியதும் போன வருகைக்குப் பிறகு கேதம் நடந்த வீடுகள் எவை என்று பட்டியல் எடுத்து, நல்ல காரியங்களுக்குப் போவதற்கு முன்னால் அங்கே போய்விட்டு வரவேண்டும். செவ்வாய் வெள்ளி பார்க்கிற வீடுகள் உண்டு, கேட்டுக்கொண்டு போங்கள். கால் மணி நேரம் உட்கார்ந்தால் போதும். நீளமாக ஒன்றும் பேசவேண்டியதில்லை. இந்தப் பட்டியலை வைத்திருக்கும் பொறுப்பை வகையில் ஒரு இளைய மருமகளிடம் கொடுங்கள், ஒரே வருஷத்தில் அவளுக்கு எல்லா வீடும் அத்துபடியாகிவிடும்.

இரண்டாங்கட்டு (கேள்வி கேட்டவர்)

ரொம்ப நன்றி அண்ணே, நன்றி ஆச்சி. முறைச்சிட்டை யோசனையையும் கழிப்பறை வேலையையும் இந்த வாரமே பெரியவர்களிடம் பேசுகிறேன். இன்னொன்று மட்டும். பொது வீட்டுச் செலவை இப்போது ஒருவர் தன் கணக்கில் வாங்கிச் செய்கிறார். நல்ல மனிதர், ஆனாலும் கணக்குப் பற்றி முணுமுணுப்பு ஆரம்பித்திருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பங்குக்காரர்கள் கையெழுத்து தேவைப்படும்போதும் இழுபறியாகிறது. இதை எப்படி ஒழுங்கு செய்வது?

பதில்: நாட்டு ஓடு

முணுமுணுப்பு இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். வழக்கானபின் மாற்ற முடியாது. தனி ஒருவர் சேமிப்புக் கணக்கில் பொதுப்பணம் இருந்தால், அவர் காலத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை வங்கி அவருடைய நாமினியிடம்தான் கொடுக்கும். பொதுப்பணம் என்று வங்கிக்குத் தெரியாது. மூன்று பேர் பெயரில் கூட்டுக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து இருந்தால்தான் பணம் எடுக்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேரும் மூன்று வெவ்வேறு ஐயா வழியில் வந்தவர்களாக இருக்கட்டும். வருஷக் காரியம் பார்க்கிற பொறுப்பு சுழல் முறையில் மாறட்டும். பொறுப்பு மாறுகிற அன்று பழையவர் கணக்கு வாசித்து, ரசீதுகளை ஒரு கவரில் போட்டு ஒப்படைக்கவேண்டும்.

தொகையைச் செலவு வந்தபிறகு வசூலிக்காதீர்கள். வருஷச் செலவை முன்கூட்டி எழுதுங்கள்: வீட்டுவரி, மின்கட்டணம், காவல்காரர் சம்பளம், கூட்டிப் பெருக்குகிறவர் சம்பளம், ஓட்டு வேலை, கரையான் மருந்து. உதாரணத்துக்கு 1,30,000 ரூபாய் என்றால் உங்கள் 26 புள்ளிக்கு ஆளுக்கு 5,000. அதற்கு மேல் புள்ளிக்கு 1,000 சேர்த்து வாங்கி வைப்புநிதியில் போடுங்கள், பெரிய மராமத்து வரும்போது கையேந்த வேண்டாம்.

இந்த வீடுகள் பூட்டிக் கிடப்பதால்தான் கெடுகின்றன. வளவு முற்றத்தைச் சுற்றி இரண்டு கூரைச் சரிவு சேர்கிற மூலையில் சருகு அடைத்துக்கொள்ளும், தண்ணீர் பின்வாங்கி ஓட்டுக்குக் கீழே இறங்கி உத்தரத்தை நனைக்கும். ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் போதும். புரட்டாசிக்குள் ஆளை ஏற்றி மூலையைச் சுத்தம் செய்து, உடைந்த நாட்டு ஓடுகளை மாற்றி, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைத் தகவல் குரூப்பில் போடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் எல்லா அறையையும் திறந்து காற்றாட விடச் சொல்லுங்கள். தனித்தனியாகப் பூட்டிய அறைகளின் மாற்றுச் சாவி காரியக்காரரிடம் இருக்கவேண்டும். சாவி கொடுக்கத் தயங்குகிற பங்குக்காரர் அறையில்தான் கரையான் முதலில் ஏறும், அங்கிருந்து பக்கத்து நிலைக்கு வரும். உள்ளே இருக்கும் பொருளைப் படம் எடுத்துப் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டால் அந்தத் தயக்கம் போய்விடும்.

பங்கு விஷயத்தில், பெண்மக்களை விட்டுவிட்டுப் பட்டியல் போடாதீர்கள். 2005 திருத்தத்துக்குப் பிறகு கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போலவே உரிமை. உங்கள் வீட்டுக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை மூலப் பத்திரத்தோடு ஒரு வழக்கறிஞரிடம் காட்டித் தெரிந்துகொள்ளுங்கள். காலமான ஒவ்வொரு பங்குக்காரருக்கும் தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் இப்போதே வாங்கிவையுங்கள். இரண்டு தலைமுறை சேர்ந்துவிட்டால் இறப்புச் சான்றிதழ் தேடுவதிலேயே வருஷங்கள் ஓடிவிடும்.

வெளிநாட்டுக் கையெழுத்துக்கு, அங்கிருக்கும் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரம் அனுப்பச் சொல்லுங்கள். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும். பலர் பீரோவில் வைத்துவிட்டு இந்தக் கெடுவைத் தவறவிடுகிறார்கள். தபால் கவரைத் தூக்கிப் போடாமல் பத்திரத்தோடு வையுங்கள், வந்த தேதிக்கு அதுதான் சாட்சி. பவரில் "பராமரிப்பு, வரி, மின்இணைப்பு, அரசு அலுவலக மனுக்கள்" என்று மட்டும் எழுதி, விற்கவோ அடமானம் வைக்கவோ அதிகாரம் இல்லை என்று தெளிவாக ஒரு வரி சேர்த்துவிட்டால், லண்டனில் இருக்கும் தம்பியும் தயங்காமல் கையெழுத்துப் போடுவார்.